கடைக்குக் கடை போகும் மென்பொருளுக்கு எந்த டேட்டாபேஸ் ஃபைல்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வி.பி.நெட்டில் மளிகைக் கடைகளுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறீர்கள். டேட்டா முழுக்க எம்எஸ் ஆக்சஸின் எம்டிபி ஃபைலில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுவது, சில கடைகளில் புது மெஷின் வாங்கியதும் ‘இந்தக் கம்ப்யூட்டரில் புரொவைடர் பதிவாகவில்லை’ என்று, அதாவது ஃபைலைத் திறக்கும் இணைப்பு மென்பொருள் இல்லை என்று, சொல்லி நின்றுவிடுகிறது. அதனால் ஆக்சஸின் புதிய ஃபைல் வகையான ஏசிசிடிபிக்கு மாறுவதா, டேட்டா முழுக்க ஒரே ஃபைலில் இருக்கும் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டுக்குப் போவதா, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரையே போட்டுவிடுவதா, இவற்றில் எது வேகம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மளிகைக் கடையில் நாளெல்லாம் விழும் பில்களுக்கு இவற்றில் எதுவும் திணறாது. ஆகவே வேகத்தை ஓரமாக வைத்துவிடலாம். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: நான் பார்க்காத ஒரு கம்ப்யூட்டரில், நான் பக்கத்தில் இல்லாதபோது, பல வருடம் கழித்தும் எந்த ஃபைல் வம்பில்லாமல் திறக்கும்?

சிறு நிறுவனங்களுக்கு விண்டோஸ் மென்பொருள் எழுதி, நிறுவி, பழுதானால் போய்ப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கடையில் ஒரே மெஷின் என்றால் எஸ்க்யூலைட். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டு மூன்று மெஷினில் ஒரே நேரத்தில் பில் போடுகிறார்கள் என்றால் நீங்கள் கேட்ட இரண்டு ஃபைலும் வேண்டாம், சர்வர் வகை டேட்டாபேஸ் வேண்டும். ஃபாரம், ரிப்போர்ட் எல்லாம் ஆக்சஸுக்குள்ளேயே செய்திருந்தால் மட்டும் ஏசிசிடிபி. உங்கள் கடைகளில் எத்தனை மெஷின் என்று நீங்கள் எழுதவில்லை. பதிலில் பாதி அதைப் பொறுத்தது என்பதால் இரண்டு நிலைமைக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிழை ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். எம்டிபி ஃபைலைப் படிக்கும் எஞ்சின் ஜெட் 4.0. அது விண்டோஸோடேயே வருகிறது, ஆனால் 32 பிட்டில் மட்டும். அதற்கு 64 பிட் வடிவம் வரவேயில்லை. உங்கள் புராஜெக்ட் ‘எனி சிபியு’ என்ற அமைப்பில் கம்பைல் ஆகி, 64 பிட் விண்டோஸில் 64 பிட் புரோகிராமாக ஓடினால் அதற்கு ஜெட் கண்ணிலேயே படாது. ஃபைலில் ஒரு கோளாறும் இருக்காது, பிழை மட்டும் வரும். புராஜெக்டில் பிளாட்ஃபார்ம் டார்கெட்டை ‘எக்ஸ்86’ என்று மாற்றிக் கம்பைல் செய்து அனுப்பினாலே பெரும்பாலான கடைகளில் இது தீர்ந்துவிடும். எந்த முடிவு எடுத்தாலும் இன்றைக்கு இதைச் செய்துவிடுங்கள். மாற்றத்தை அவசரமில்லாமல் யோசிக்க நேரம் கிடைக்கும். பிழைச் செய்தியில் ‘ஜெட்’ என்று இருக்கிறதா ‘ஏஸ்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஸ் என்று இருந்தால் கதை வேறு, அது அடுத்த பத்தியில்.

ஆக்சஸ் 2007-இல் ஏசிசிடிபி வந்தது, அதன் எஞ்சின் பெயர் ஏஸ். ஜெட்டின் வழியில் வந்ததுதான், ஆனால் ஜெட்டால் ஏசிசிடிபியைத் திறக்க முடியாது. ஏஸ் சும்மா விண்டோஸோடு வராது. கடையில் ஆக்சஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆக்சஸ் ரன்டைமையோ டேட்டாபேஸ் எஞ்சின் பொதியையோ நீங்கள் நிறுவ வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடையில் ஏற்கெனவே 64 பிட் ஆஃபீஸ் இருந்தால், 32 பிட் ஏஸ் நிறுவ மாட்டேன் என்று நின்றுவிடும். தலைகீழாகவும் அப்படியே. ஆஃபீஸ் 2019 முதல் இயல்பாகவே 64 பிட்தான் இறங்குகிறது, பழைய ஆஃபீஸ் வைத்திருக்கும் கடைகளில் 32 பிட். ஆக, ஏசிசிடிபிக்கு மாறினால் உங்கள் மென்பொருளை இரண்டு வடிவத்தில் கம்பைல் செய்து, எந்தக் கடைக்கு எது என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டி வரும். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் தொல்லையை அப்படியே இரண்டாகப் பெருக்கிக்கொள்வது அது.

அதற்காக ஏசிசிடிபியில் கிடைப்பதும் உங்களுக்குப் பெரிதாக உதவாது. அட்டாச்மென்ட் வகை, ஒரே கட்டத்தில் பல மதிப்புகள், 2010-இல் கணக்கிடப்பட்ட காலம் (டேபிளின் நெடுவரிசை, ‘column’) போன்றவை வந்தன. இவை ஆக்சஸுக்குள் வேலை செய்பவர்களுக்கானவை. வெளியிலிருந்து எஸ்க்யூஎல் எழுதுபவருக்குக் குழப்பம்தான் மிச்சம். 2016 பதிப்பில் வந்த பெரிய எண் வகையை ஒரு டேபிளில் சேர்த்துவிட்டால் பழைய ஆக்சஸ் அந்த ஃபைலைத் திறக்காது. 2 ஜிபி என்ற உச்சவரம்பு எம்டிபியில் இருந்ததைப் போலவே இதிலும் அப்படியே இருக்கிறது. வரிகளை அழித்தாலும் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ செய்யும்வரை ஃபைல் சிறுக்காது. பாஸ்வேர்ட் பாதுகாப்பு மட்டும் உண்மையிலேயே மேம்பட்டது. எம்டிபியில் பாஸ்வேர்ட் ஃபைலின் தலைப்பகுதியிலேயே லேசாகக் குழப்பி எழுதப்பட்டிருக்கும், அதைப் படித்துச் சொல்லும் இலவசக் கருவிகள் ஏராளம். ஏசிசிடிபியில் ஃபைல் முழுக்கவே குறியாக்கம் ஆகிறது.

எஸ்க்யூலைட்டில் இந்த நிறுவும் தலைவலி வேறு மாதிரி. அது தனியாக நிறுவப்படும் மென்பொருளே இல்லை, உங்கள் புரோகிராமோடு சேர்ந்து போகும் ஒரு டிஎல்எல் (துணைக் கோடு உள்ள ஃபைல்). கடையில் ஆஃபீஸ் இருக்கிறதா, எத்தனை பிட் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டாட்நெட்டுக்கான எஸ்க்யூலைட் லைப்ரரிகளுக்கு அடியில் ஒரு நேட்டிவ் டிஎல்எல் இருக்கும். பழைய லைப்ரரியில் அது எக்ஸ்86, எக்ஸ்64 என்ற இரண்டு ஃபோல்டர்களில் கிடக்கும். செட்டப் தயாரிக்கும்போது அந்த ஃபோல்டர்களை விட்டுவிட்டால் உங்கள் மெஷினில் ஓடும், கடையில் ஓடாது. ‘எஸ்க்யூலைட் வேலை செய்யவில்லை’ என்று வருகிற பேச்சில் பாதிக்கு மேல் இதுதான். விஷுவல் ஸ்டுடியோ எதுவும் இல்லாத ஒரு சுத்தமான விண்டோஸில் செட்டப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஃபைலின் ஆயுள் விஷயத்திலும் எஸ்க்யூலைட் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கிய திட்டம் அது. மூன்றாம் பதிப்பின் ஃபைல் அமைப்பு 2004-இல் வந்தது, அன்று எழுதிய ஃபைலை இன்றைய எஞ்சின் அப்படியே திறக்கிறது. 2050 வரை ஆதரவு தருவதே நோக்கம் என்று அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், நீண்ட காலம் சேமிக்க வேண்டிய டேட்டாவுக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதையும் வைத்திருக்கிறது. லைசென்ஸ் கட்டணமும் கிடையாது, நிபந்தனையும் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் புக்மார்க்குகளை வைத்திருப்பதும், லைட்ரூம் தன் புகைப்படப் பட்டியலை வைத்திருப்பதும் இதே ஃபைலில்தான். ஆக்சஸ் பக்கம் பார்த்தால், ஆக்சஸ் 97-இல் செய்த எம்டிபியை ஆக்சஸ் 2013 திறக்க மறுத்துவிட்டது. 2000-க்குப் பிந்தைய எம்டிபி இன்றும் திறக்கிறது, அதனால் உங்கள் ஃபைலுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆனால் ஜெட் எப்போதோ வளர்வதை நிறுத்திவிட்டது.

ஏதோ ஒரு கடையிலிருந்து எக்ஸ்டென்ஷன் மாறிய ஃபைல் ஒன்று வந்து, இது எந்த வகை என்று தெரியாவிட்டால், அதை நகலெடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். எம்டிபி என்றால் முதல் வரியிலேயே குப்பை எழுத்துகளுக்கு நடுவே ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்று ஆங்கிலத்தில் தெரியும். ஏசிசிடிபியில் ‘ஜெட்’ இருந்த இடத்தில் ‘ஏஸ்’ இருக்கும். எஸ்க்யூலைட் என்றால் ‘எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3’ என்று தொடங்கும். இது மூன்றும் இல்லை என்றால், ஃபைல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம், தலைப்பகுதி கெட்டிருக்கலாம், அல்லது அது வேறு வகை ஃபைலாகவே இருக்கலாம்.

கரண்ட் போவதைப் பற்றிப் பேசாமல் கடை மென்பொருளைப் பற்றிப் பேச முடியாது. பில் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? எஸ்க்யூலைட், மாற்றப் போகும் பக்கங்களின் பழைய வடிவத்தை முதலில் ‘ஜர்னல்’ என்ற பக்கத்து ஃபைலில் எழுதிவிட்டுத்தான் மெயின் ஃபைலைத் தொடுகிறது. பாதியில் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது அந்த ஜர்னலைப் பார்த்துத் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் பில் போயிருக்கும், அதற்கு முந்தையது எதுவும் போகாது. ஜெட்டுக்கும் ஏஸுக்கும் இப்படி ஒரு ஜர்னல் ஃபைல் கிடையாது. பாதி எழுதிய பக்கம் அப்படியே நிற்கும், ‘டேட்டாபேஸ் வடிவம் அடையாளம் தெரியவில்லை’ என்ற செய்தி வரும், ரிப்பேர் செய்தால் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. எஸ்க்யூலைட்டின் பாதுகாப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை: ‘ஏதோ தேவையில்லாத ஃபைல்’ என்று நினைத்து அந்த ஜர்னலை யாரும் அழித்துவிடக் கூடாது. கடைக்காரரிடம் இதை ஒரு முறை சொல்லிவையுங்கள்.

இப்போது பல மெஷின் விஷயம். ஒரு மெஷினில் ஃபோல்டரை ஷேர் செய்து, அதில் எம்டிபியை வைத்து, மற்ற மெஷின்களிலிருந்து திறப்பது நம் ஊரில் மிகவும் பழகிப்போன முறை. ஆக்சஸ் அதற்கு இடம் கொடுக்கிறது, காகிதத்தில் 255 பேர் வரை. ஆனால் அந்த முறையில் சர்வர் என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு மெஷினிலும் உள்ள எஞ்சின், ஃபைலின் பக்கங்களை நெட்வொர்க் வழியாக இழுத்துத் தானே திருத்தித் தானே திருப்பி எழுதுகிறது. கேபிள் போட்ட நெட்வொர்க்கில் வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே கடை வைஃபைக்கு மாறிய பிறகு, எழுதும் நேரத்தில் சிக்னல் ஒரு கணம் விட்டுப்போய் ஃபைல் கெடுவதையும் பார்த்திருக்கிறேன். எஸ்க்யூலைட்டை ஷேர் ஃபோல்டரில் வைப்பது இதைவிட மோசம். நெட்வொர்க் ஃபைல் அமைப்புகளில், ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் லாக் சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது, அப்படி வைக்க வேண்டாம் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். மாற்றங்களை முதலில் பக்கத்து ஃபைலில் எழுதிவைக்கும் அதன் ‘வால்’ (WAL) என்ற முறை ஒரே மெஷினுக்குள் மட்டும்தான் செல்லும்.

ஆகவே இரண்டாவது மெஷின் வந்துவிட்டால், ஃபைலைத் தொடும் வேலை ஒரே ஒரு புரோகிராமிடம் இருக்க வேண்டும், மற்றவை அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். போஸ்ட்கிரெஸ், ஃபயர்பேர்ட், எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் எல்லாம் அந்த வேலையைச் செய்பவை, எல்லாமே இலவசம். இவற்றில் எது என்பதில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது கைப்பழக்கமோ அதுவே சரி, ஏனென்றால் இரவு ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து போன் வந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். எஸ்க்யூஎல் சர்வர் பக்கம் போனால் ஒரு விஷயம் நிச்சயம்: அதன் டேட்டா ஃபைலான எம்டிஎஃப்பைப் புதிய பதிப்பில் ஒரு முறை இணைத்துவிட்டால் அது அந்தப் பதிப்புக்கு உயர்ந்துவிடும், பழைய பதிப்பில் மறுபடி இணைக்க முடியாது. ஒரு கடையிலிருந்து டேட்டாவை வாங்கி வந்து உங்கள் மெஷினில் பிழை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இது உங்களைக் கட்டாயம் கடிக்கும். ஒரு மெஷின் கடைக்கு எஸ்க்யூஎல் சர்வர் போடுவது தேவையில்லாத பாரம். அதன் செட்டப் ஓடி முடிவதற்குள் கடைக்காரர் பொறுமை இழந்துவிடுவார்.

எஸ்க்யூலைட்டுக்குப் போவதாக முடிவெடுத்தால், எம்டிபியிலிருந்து வரும் ஒருவர் தடுமாறும் இடங்கள் சில இருக்கின்றன. முதலாவது பணம். ஆக்சஸில் கரன்சி என்ற வகை உள்ளே முழு எண்ணாகத்தான் இருக்கிறது, பத்தாயிரத்தால் பெருக்கி வைக்கிறார்கள், அதனால் பைசா பிசகாது. எஸ்க்யூலைட்டில் அப்படி ஒரு வகையே கிடையாது. டெசிமல் 10, 2 என்று நீங்கள் காலம் எழுதினால் அது மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் பின்னம் உள்ள தொகையை மிதவைப் புள்ளி எண்ணாகத்தான், அதாவது தோராயமாகத்தான், வைக்கும். மாதக் கடைசியில் கூட்டும்போது எங்கோ ஒரு பைசா இடிக்கும். தொகையைப் பைசாவிலேயே முழு எண்ணாக வையுங்கள்: 99 ரூபாய் 50 பைசா என்றால் 9950. எடையையும் அப்படியே கிராமில் வையுங்கள்: ஒண்ணேகால் கிலோ துவரம் பருப்பு என்றால் 1250. திரையில் காட்டும்போது மட்டும் வகுத்துக்கொள்ளலாம். 2021-இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ டேபிள் முறையையும் பயன்படுத்துங்கள், எண் காலத்தில் எழுத்து நுழைவதை அது தடுக்கும். ஆனால் அப்படிச் செய்த ஃபைலை அதற்கு முந்தைய எஞ்சின் திறக்காது என்பதால், எல்லாக் கடைக்கும் புது டிஎல்எல் போன பிறகு செய்யுங்கள். ஒரு டேபிள் இன்னொன்றைச் சரியாகச் சுட்டுகிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ கட்டுப்பாடும் இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

அடுத்தது தேதி. எஸ்க்யூலைட்டில் தேதிக்கும் தனி வகை இல்லை. 2017-07-01 என்று வருடம் முன்னால் வரும்படி எழுத்தாக வையுங்கள், வரிசையும் ஒப்பீடும் தானாகச் சரியாக வரும். நம் வழக்கப்படி 01-07-2017 என்று வைத்தால் வராது. பழைய டேட்டாவை மாற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஜெட்டின் எஸ்க்யூஎல்லில் இரண்டு ஹேஷ் குறிக்கு நடுவே 01/07/2017 என்று எழுதினால் அது அமெரிக்க முறையில் ஜனவரி 7 என்று எடுத்துக்கொள்ளும். 13/07/2017 என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் ஜூலை 13 என்று சரியாக எடுக்கும். அதனால் மாதத்தின் முதல் 12 நாள் பில்கள் மட்டும் இடம் மாறியிருக்கும், மீதி சரியாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. உங்கள் பழைய கோடில் தேதியை இப்படி ஒட்டி எழுதிய இடம் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே பில் எண் வரிசையையும் தேதி வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பொருட்களின் பெயர் தமிழில் இருந்தால் அகர வரிசை ஒரு தனிப் பாடு. எஸ்க்யூலைட் இயல்பாக யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பனங்கற்கண்டு, பப்பாளிக்கும் பயறுக்கும் பருப்புக்கும் மேலே போய் நிற்கும். நம் அகராதி வரிசையில் அது கடைசியில் வர வேண்டியது. புள்ளியின் எண்ணும் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், பட்டாணிக்கு முன்னால் படிகாரம் வந்துவிடும். சொந்தமாக ஒரு வரிசை விதியை எழுதி எஸ்க்யூலைட்டில் பதிந்துவிடலாம்தான். ஆனால் அந்த விதியில் ஒரு இண்டெக்ஸ் போட்டுவிட்டால், அந்த விதி தெரியாத வேறு கருவி எதிலும் அந்த டேபிளை ஒழுங்காகக் கையாள முடியாது. டாட்நெட் தரும் ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம், டாட்நெட் 5-இல் அதன் அடிப்படையே மாறியது. நான் செய்வது: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை எண் தரும் சின்ன அட்டவணை புரோகிராமில் இருக்கும், பெயரைச் சேவ் செய்யும்போதே அதிலிருந்து ஒரு சாவியை உருவாக்கிப் பக்கத்துக் காலத்தில் எழுதிவிடுவேன், அடுக்குவதெல்லாம் அந்தக் காலத்தை வைத்து. ஃபைல் சாதாரண ஃபைலாகவே இருக்கும், யார் திறந்தாலும் வரிசை மாறாது.

ஃபைல் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கேட்க மறப்பது, நாளைக்கு டேபிள் அமைப்பை எப்படி மாற்றுவது என்பது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது நாட்டில் உள்ள ஒவ்வொரு பில்லிங் மென்பொருளும் டேபிளை மாற்ற வேண்டியிருந்தது: வாட் இருந்த இடத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, கூடவே பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடு. 2025 செப்டம்பர் 22-இல் விகிதங்கள் மாறின, நெய்க்கு 12 சதவீதம் போய் 5 ஆனது. வரி விகிதத்தைப் பொருள் டேபிளில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு, ஆகஸ்ட் மாதப் பில்லை மறுபடி அச்சடித்தால் 5 சதவீதம் என்று வரும். பில்லின் ஒவ்வொரு வரியிலும் அன்றைய விகிதத்தை எழுதி வைத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இந்த மாதிரி மாற்றம் உங்கள் கைக்கு எட்டாத பல கடைகளில் நடக்க வேண்டும், எல்லாரும் ஒரே நாளில் அப்டேட் செய்யவும் மாட்டார்கள். எஸ்க்யூலைட் ஃபைலின் தலைப்பகுதியில் ‘யூசர் வெர்ஷன்’ என்று ஒரு எண் உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. புரோகிராம் திறந்ததும் அந்த எண்ணைப் படித்து, 3 என்றால் 4-க்கான மாற்றத்தை ஒரே டிரான்சாக்‌ஷனில் செய்து எண்ணை 4 ஆக்கட்டும். டேபிள் மாற்றங்களும் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும் என்பதால் பாதியில் நின்றால் முழுதாகப் பின்வாங்கிவிடும். எண் தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிதாக இருந்தால் பழைய புரோகிராம் எழுத மறுக்க வேண்டும். இந்தச் சோதனையை முதல் வெளியீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிறகு வைத்தால், ஏற்கெனவே கடைகளில் ஓடும் பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது.

ஃபைலை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில், எக்ஸிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. மேனிஃபெஸ்ட் இல்லாத பழைய 32 பிட் புரோகிராம் என்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த யூசரின் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ ஃபோல்டரில் ஒரு நகலை உருவாக்கி அதில் எழுதும். முதலாளி லாகினில் ஒரு டேட்டா, வேலையாள் லாகினில் இன்னொரு டேட்டா. ‘நேத்துப் போட்ட பில்லைக் காணோம்’ என்று போன் வந்தால் முதலில் அங்கே தேடுங்கள். ‘புரோகிராம் டேட்டா’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லா யூசரும் எழுதும் அனுமதியைச் செட்டப்பிலேயே கொடுத்துவிடுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை வைக்கவே வேண்டாம்.

பேக்கப் விஷயத்தில் கடைக்காரர் என்ன செய்வார் என்று யோசித்துத் தீர்மானியுங்கள். அவர் பென்டிரைவைச் செருகி, ஃபோல்டரில் பெரிதாகத் தெரியும் ஒரு ஃபைலை இழுத்துப் போடுவார். ‘வால்’ முறையில் ஓடினால் புதிய பில்கள் சில பக்கத்து வால் ஃபைலில் இருக்கும், மெயின் ஃபைலை மட்டும் எடுத்தால் அவை விட்டுப்போகும். அதனால் ஒரு மெஷின் கடைக்கு வால் வேண்டாம், பழைய ஜர்னல் முறையே போதும் என்பது என் கருத்து. வேகத்துக்காக வால் போடச் சொல்பவர்கள் உண்டு, வெப்சைட்டுக்கு அது சரி. கூடவே ‘பேக்கப்’ என்று ஒரு பட்டன் வைத்து, 2019-இல் வந்த ‘வேக்கம் இன்டு’ கட்டளையில் தேதியைப் பெயராக வைத்து முழு நகல் எடுக்கச் செய்யுங்கள். புரோகிராம் திறந்திருக்கும்போதே அது சுத்தமான ஒரே ஃபைலாக வரும்.

எஸ்க்யூலைட்டில் பாஸ்வேர்ட் இல்லையே என்று யோசிப்பீர்கள். எஸ்க்யூஎல்சைஃபர் போன்ற குறியாக்க வடிவங்கள் இருக்கின்றன. சாவி உங்கள் எக்ஸிக்குள்ளேயே இருந்தால் விவரம் தெரிந்தவர் எடுத்துவிடுவார், மெஷின் திருட்டுப் போனால் ஓரளவு காப்பாற்றும். இதில் என் விருப்பம் வேறு பக்கம். அது கடைக்காரரின் கணக்கு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அவர் கணக்கை வைத்திருந்தாக வேண்டும். அதற்குள் நீங்கள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், அவர் வேறு மென்பொருளுக்கு மாறியிருக்கலாம். அப்போதும் அந்த ஃபைலை அவர் பக்கத்து ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் திறந்து பார்க்க முடிய வேண்டும். எல்லா டேபிளையும் சிஎஸ்வியாக வெளியே எடுக்கும் ஒரு வழியையும் மெனுவில் வைத்துவிடுங்கள்.

ஆக்சஸிலேயே ஃபாரம் செய்து விநியோகிப்பவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை: டேபிள்களை ஒரு ஏசிசிடிபியில் தனியாக வையுங்கள், ஃபாரமும் கோடும் உள்ள ஃபைலை ஏசிசிடிஇ (கோடைத் திறந்து பார்க்க முடியாதபடி கம்பைல் செய்த வடிவம்) ஆக்கி ஒவ்வொரு மெஷினுக்கும் தனி நகலாகக் கொடுங்கள். 32 பிட்டில் செய்த ஏசிசிடிஇ 64 பிட் ஆக்சஸில் திறக்காது, இரண்டும் தயாராக இருக்கட்டும். மூல ஏசிசிடிபியைத் தொலைத்துவிட்டால் ஏசிசிடிஇயிலிருந்து கோடைத் திரும்ப எடுக்க முடியாது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் எக்ஸ்86 ஆக மாற்றி, இருக்கும் கடைகளின் பிழையை நிறுத்துங்கள். பிறகு டேட்டாவைத் தொடும் கோடை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள், எம்டிபி இருக்கும்போதே. அப்புறம் எஸ்க்யூலைட் பதிப்பைப் புதிய கடைகளுக்கு மட்டும் கொடுத்துச் சில மாதம் பாருங்கள். பழைய கடைகளுக்கு மாற்றும் புரோகிராமை, ஏப்ரல் 1-இல் புதுக் கணக்கு தொடங்கும்போது ஓட்டுவது நல்லது. பெயர்கள் பாமினி மாதிரிப் பழைய ஃபான்டில் அடித்தவையாக இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதும் அந்த வேலையோடு முடிந்துவிடட்டும். மாற்றி முடித்ததும், மாதவாரியாகப் பில்களின் எண்ணிக்கை, விற்பனைத் தொகை, வரித் தொகை மூன்றையும் பழைய எம்டிபியிலும் புது ஃபைலிலும் தனித்தனியாகக் கூட்டி ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். மூன்றும் பைசா சுத்தமாகப் பொருந்தினால் புது ஃபைலில் பில் போடத் தொடங்கலாம். பழைய எம்டிபியை ரீட்-ஒன்லியாக்கி அதே மெஷினிலும் ஒரு பென்டிரைவிலும் விட்டுவையுங்கள்.